கைக் கரப்பானும் கடைக் கவலையும்



வழக்கமாக நம் இதழில் வரி, உரிமம், தராசு முத்திரை, சரக்கு நிலவரம் என்றுதான் எழுதுகிறோம். இந்த முறை நம் கையைப் பற்றி எழுத விரும்புகிறேன். கைமுதலைப் பற்றி அல்ல. சரக்கை அள்ளி, எடை போட்டு, பணம் வாங்கி, மீதி கொடுக்கிற கையைப் பற்றி.

நான் டாக்டர் இல்லை. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்து, 40 ஆண்டுகளுக்கு மேலாக மதுரையில் பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம் செய்து வருகிறவன். என் கைக்கு வந்த நோயால் நான் பட்ட பாட்டையும், டாக்டரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். நம் உறுப்பினர்கள் பலர் கையில் இதே தொல்லை இருக்கிறது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு, கண்ட களிம்பையும் தடவிக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கையில் நடந்தது

2018-ஆம் ஆண்டு ஆடி மாதம். என்னிடம் 12 ஆண்டுகளாகச் சரக்கு எடுத்துவந்த ஒரு சில்லறை வியாபாரி, ஒரே இரவில் கடையைப் பூட்டிவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். எனக்கு வர வேண்டிய பாக்கி 7 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். நான் கட்ட வேண்டிய பணமோ யாருக்காகவும் காத்திருக்காது. வீட்டில் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மனைவியிடமும் மகனிடமும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினைந்து நாளில் வலது கை விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியது. முதலில் ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள். பிறகு அவை உடைந்து, தோல் காய்ந்து, உரிந்து, வெடிப்பு விட்டது. மிளகாய் மூட்டையில் கை வைத்தால் நெருப்பில் வைத்ததுபோல் எரியும். "எல்லாம் மிளகாய் செய்கிற வேலை" என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இத்தனை ஆண்டுகளாக அதே மிளகாயைத்தானே அள்ளுகிறோம், இப்போது மட்டும் ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை.

மருந்துக் கடையில் கையைக் காட்டி ஒரு டியூப் வாங்கினேன். இரண்டே நாளில் குணம் தெரிந்தது. நிறுத்தினேன், ஒரு வாரத்தில் முன்னிலும் அதிகமாக வந்தது. மறுபடி டியூப். இப்படியே ஆறு மாதம் ஓடியது. புறங்கைத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிட்டது.

ஒரு நாள், கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா சரக்கு எடுக்க வந்தார். பல ஆண்டு வாடிக்கை. பணத்தை என் கையில் தராமல் மேஜை மேல் வைத்தார். மீதியை நீட்டியபோது, "அப்படியே வைங்க அண்ணாச்சி, நான் எடுத்துக்கிறேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. விடிவதற்குள் கையைச் சொறிந்து ரத்தம் பார்த்துவிட்டேன்.

மறுநாள் தோல் மருத்துவரிடம் போனேன். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடவிய டியூபை வாங்கிப் பார்த்தார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "ஐயா, வியாபாரம் எப்படிப் போகுது? ராத்திரி தூங்குறீங்களா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இது என்ன நோய்?

நம் பெரியவர்கள் கரப்பான் என்று சொன்னதில் பெரும்பகுதியை டாக்டர்கள் எக்ஸிமா என்கிறார்கள். அது ஒரே நோய் அல்ல, ஒரு குடும்பம். பரம்பரையாக வருவது ஒரு வகை. அந்தக் குடும்பங்களில் ஆஸ்துமா, அடுக்குத் தும்மல் உள்ளவர்களும் இருப்பார்கள். தொடும் பொருளால் வருவது இன்னொரு வகை. எனக்கு வந்ததுபோல உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் நீர்க் கொப்புளமாக வருவது ஒரு வகை. கழுத்துப் பின்புறம், கணுக்கால் என ஒரே இடத்தைச் சொறிந்து சொறிந்து தோல் தடித்துக் கறுத்துப் போவது மற்றொரு வகை. நாளெல்லாம் நின்றே வியாபாரம் செய்து, காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்குக் கணுக்கால் பக்கம் நிறம் மாறி அரிப்பதும் இதே குடும்பம்தான்.

முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸிமா ஒட்டுவாரொட்டி அல்ல. தொட்டால் பரவாது, சரக்கு மூலமும் பரவாது. அந்தப் பெட்டிக்கடை அம்மாவிடம் இதைச் சொல்ல அன்று எனக்கே தெரியவில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். தோலின் மேல் ஏடும் ஒரு சுவர்தான். செங்கல்லை அடுக்கியதுபோல் செல்கள். நடுவில் சாந்து போலக் கொழுப்புப் பொருள். அந்தச் சாந்துதான் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியே இருக்கும் தூசி, சோப்பு, கிருமி உள்ளே நுழையாமலும் காக்கிறது. எக்ஸிமா உள்ளவர்களுக்கு அந்தச் சாந்து உதிர்ந்துவிடுகிறது. ஈரம் போய்த் தோல் காய்கிறது. வெளியே இருப்பது உள்ளே நுழைகிறது. உடம்பின் காவல் படை அதை எதிரி என்று எண்ணிச் சண்டைக்கு வருகிறது. அந்தச் சண்டைதான் சிவப்பு, வீக்கம், அரிப்பு, கொப்புளம்.

கவலை எப்படித் தோலுக்கு வருகிறது?

"மனசில் இருக்கிற கவலை கையில் எப்படி வரும்?" என்று நான் கேட்டேன். டாக்டரம்மா சொன்ன விளக்கத்தை என் பாஷையில் தருகிறேன்.

தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது, மூளையும் நரம்பும் மேல்தோலும் ஒரே படலத்திலிருந்துதான் உண்டாகின்றன. பிறந்த பிறகும் அந்த உறவு விடுவதில்லை. வெட்கப்பட்டால் முகம் சிவக்கிறது, பயந்தால் உள்ளங்கை வியர்க்கிறது, இல்லையா? அதே வழியில்தான் கவலையும் வருகிறது.

ஆபத்து என்று மூளை நினைத்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு சுரப்பிகளுக்குச் செய்தி போகும். அவை கார்டிசால் போன்ற சுரப்புகளை ரத்தத்தில் விடும். ஒரு நாய் துரத்துகிறது என்றால் அது நல்லதுதான், ஓடித் தப்பிக்கலாம். ஆனால் வராக் கடன் தினமும் துரத்துகிறதே! மாதக்கணக்கில் அந்தச் சுரப்பு தாறுமாறானால், காவல் படையின் ஒழுங்கு கெடுகிறது. தோல் தன் சாந்தைத் தயாரிப்பதும் குறைகிறது. தோலில் உள்ள நரம்பு நுனிகளும் அரிப்பைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன. அதோடு வியர்வை, தூக்கக் கேடு. தூங்காதவனுக்கு அரிப்பு இரட்டிப்பாகத் தெரியும்.

இதெல்லாம் வெறும் பேச்சல்ல. அமெரிக்காவில் 2001-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், மாணவர்களின் தோலின் மேல் ஏட்டை ஒட்டும் நாடாவால் லேசாக உரித்தெடுத்து, அது எவ்வளவு நேரத்தில் சரியாகிறது என்று பார்த்தார்கள். பரீட்சை நெருக்கடி இருந்தபோது அதே மாணவர்களின் தோல் சரியாக அதிக நேரம் எடுத்துக்கொண்டது.

ஜப்பானில் 1995 ஜனவரி 17-ஆம் தேதி கோபே நகரப் பகுதியைப் பெரும் பூகம்பம் தாக்கியது. பரம்பரை வகை எக்ஸிமா உள்ளவர்களை அதற்குப் பின் ஆராய்ந்தபோது, சேதமடைந்த பகுதிகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் நோய் அதிகமாகியிருந்தது. சேதம் இல்லாத பகுதியில் பத்தில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை.

ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கவலைப்படுகிறவர் எல்லோருக்கும் எக்ஸிமா வருவதில்லை. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்வதும் அநியாயம். நோய் நிஜம், தோலில் இருக்கும் கேடு நிஜம். சாம்பலுக்குள் கிடக்கிற கங்கை ஊதிவிடுகிற வேலையைத்தான் கவலை செய்கிறது. இன்னொன்றும் உண்டு: கவலையால் அரிப்பு, சொறிவதால் தோல் கிழிகிறது, கிழிந்த தோல் மேலும் அரிக்கிறது, அதைப் பார்த்து மேலும் கவலை. வட்டிக்கு வட்டி ஏறுவது போலத்தான்.

டாக்டர் எழுதச் சொன்ன பேரேடு

மருந்து எழுதிக் கொடுத்ததோடு டாக்டரம்மா ஒரு வேலையும் கொடுத்தார். "நீங்கதான் கணக்கு எழுதுறவராச்சே. இதையும் எழுதுங்க" என்றார். ஒரு நோட்டில் ஐந்து கலம். தேதி, அரிப்பு பத்துக்கு எத்தனை, முந்தின இரவு எத்தனை மணி நேரத் தூக்கம், அன்று கையில் தொட்டது என்ன, மனதில் பட்டது என்ன.

ஆறு வாரம் எழுதினேன். கணக்கு பொய் சொல்லாது. மிளகாய்க் கிட்டங்கியில் கை வைத்த நாளில் அரிப்பு 4, 5 என்று இருந்தது. மாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கட்டுவதற்கு முந்தின இரவும், நான் கொடுத்த செக் பாஸ் ஆகுமா என்று காத்திருந்த நாளும் 7. இரண்டும் ஒன்றாக வந்த நாளில் 9. கடைக்கு லீவு விட்டு, சொந்த ஊர்க் கோயில் கொடைக்குப் போன மூன்று நாளும் 2-க்கு மேல் போகவில்லை.

அப்போதுதான் விளங்கியது. மிளகாய் மட்டும் காரணமல்ல. கவலை மட்டும் காரணமல்ல. சாக்கும் சேர்ந்தது, சிந்தனையும் சேர்ந்தது. இரண்டு பக்கமும் அடைத்தால்தான் கசிவு நிற்கும். என் அனுபவத்தில் நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

முதல் பக்கம்: தோலைக் காப்பது

1. எண்ணெய்ப் பசை. மருந்தைவிட முக்கியம் இது. குளித்துத் துடைத்த இரண்டு மூன்று நிமிடத்திற்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே, பெட்ரோலியம் ஜெல்லி அல்லது மணம் சேர்க்காத ஈரப்பசைக் களிம்பைத் தடவ வேண்டும். கை கழுவும் ஒவ்வொரு முறையும் தடவ வேண்டும். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான தேங்காய் எண்ணெயும் பலருக்கு ஒத்துக்கொள்ளும்.

2. குளியல். கொதிக்கும் வெந்நீர் அந்த நேரத்திற்குச் சுகமாக இருக்கும். பிறகு தோலைக் காய வைத்துவிடும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்திற்குள் குளித்துவிட வேண்டும். குளிக்கும் நீரில் கிருமிநாசினி கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சோப்பு மென்மையானதாக இருக்கட்டும். துணி சோப்பால் கை கழுவவே கூடாது. 2020-இல் கொரோனா வந்தபோது ஓயாமல் கழுவியதாலும் சானிடைசராலும் எத்தனை பேர் கை வெடித்தது என்று நாம் பார்த்தோம்.

3. சரக்கு. மிளகாய், பூண்டு, சோப்புத் தூள், பிளீச்சிங் பவுடர் எல்லாம் தோலைத் தாக்கக்கூடியவை. பூண்டை ஓயாமல் கையாளுகிறவர்களுக்கு விரல் நுனிகள் மட்டும் வெடிப்பது உண்டு. இரும்புக் கடை, பெயிண்ட் கடை நண்பர்களுக்குச் சிமெண்டும் தின்னரும் எதிரிகள். மண்ணெண்ணெயால் கை கழுவுவது அதைவிடக் கெடுதல். அள்ளுவதற்குக் கரண்டி, முறம் பயன்படுத்துங்கள். உலர்ந்த சரக்குக்கு நூல் கையுறை போதும். ஈர வேலைக்கு உள்ளே நூல் கையுறை, மேலே ரப்பர் கையுறை. வெறும் ரப்பர் கையுறையை மணிக்கணக்கில் போட்டால் உள்ளே வியர்த்து நோய் கூடும்.

4. சொறிதல். "சொறியாதே" என்று சொல்வது சுலபம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிப்பு வந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் வையுங்கள். அல்லது அந்த இடத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள். நான் கையில் ஒரு பேனாவை எடுத்து இறுகப் பிடித்துக்கொள்வேன். கைக்கு வேறு வேலை கொடுத்தால் அரிப்பு தணிய உதவும்.

5. டியூப் மருந்து. இதைக் கவனமாகப் படியுங்கள். மருந்துக் கடையில் கேட்டவுடன் தருகிற பல டியூபுகளில் ஸ்டீராய்டு, படர்தாமரை மருந்து, கிருமிக் கொல்லி மூன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். ஆனால் அளவு தெரியாமல் தடவினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, நிறுத்தியதும் பல மடங்காகத் திரும்பும். வந்திருப்பது படர்தாமரையாக இருந்தாலோ, அடையாளமே தெரியாமல் உடம்பெல்லாம் பரவும். அதனால்தான் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே பயந்து ஓடவும் வேண்டாம். டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை தடவினால் அது நல்ல மருந்து. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்திற்குப் போதும். எடை போட்டே பழகிய நமக்கு இந்தக் கணக்கு சுலபம்தானே!

6. நாட்டு வைத்தியம். எருக்கம்பால், சேராங்கொட்டை எண்ணெய் போன்றவற்றை யாரோ சொன்னார்கள் என்று தடவாதீர்கள். சாதாரணத் தோலையே புண்ணாக்கிவிடும். கத்தரிக்காய், கருவாடு கரப்பான் பண்டம் என்று நம் வீடுகளில் ஒதுக்குவது வழக்கம். ஒன்றைச் சாப்பிட்டு ஒவ்வொரு தடவையும் அரிப்பு கூடுகிறது என்று உங்கள் நோட்டில் தெரிந்தால் அதை விடுங்கள். மற்றபடி எல்லாவற்றையும் நிறுத்தி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் பக்கம்: கவலைக்குக் கதவு போடுவது

வியாபாரம் என்றால் கவலை இருக்கும். அதை ஒழித்துவிட முடியாது. ஆனால் எந்த நேரத்தில் உள்ளே விடுவது என்று நாம் முடிவு செய்யலாம். நான் செய்த ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கணக்குக்கு நேரம் வைத்தேன். பாக்கி, செக், ரிட்டர்ன் எல்லாம் காலை 8 முதல் 9 வரை. இரவு 8 மணிக்கு மேல் பேரேட்டைத் திறப்பதில்லை. கைபேசியில் பாக்கிக்காரர்களுக்குச் செய்தி அனுப்புவதும் இல்லை. அந்த நேரத்தில் அனுப்பினால் பணம் வரப் போவதில்லை, தூக்கம்தான் போகும்.

இரண்டாவது, ரிட்டர்னைக் கடைசி நாள் வரை இழுப்பதை நிறுத்தினேன். பில்களை வாரா வாரம் கணக்காளரிடம் கொடுத்துவிடுகிறேன். 20-ஆம் தேதி இப்போது எனக்கு மற்றொரு நாள்தான்.

மூன்றாவது, கடனுக்கு வரம்பு. எவ்வளவு பழைய வாடிக்கையானாலும் இவ்வளவு தொகை, இத்தனை நாள் என்று எழுதி வைத்தேன். ஆரம்பத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டம் கணக்கில் தெரிகிற நஷ்டம். தூக்கமும் தோலும் போவது எந்தக் கணக்கிலும் ஏறாத நஷ்டம்.

நான்காவது, மூச்சு. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விட வேண்டும். பத்து முறை. நம்பிக்கை இல்லாமல்தான் ஆரம்பித்தேன். கல்லாவில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. அதோடு காலையில் அரை மணி நேர நடை. வியர்த்தால் உடனே கழுவி எண்ணெய்ப் பசை தடவிவிட வேண்டும்.

ஐந்தாவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் சொல்வது. நோட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அன்று இரவு, மனைவியிடம் 7 லட்சத்து 40 ஆயிரத்தைச் சொன்னேன். சிறிது நேரம் அவள் பேசவே இல்லை. பிறகு, "என்னங்க, இத்தனை மாசமா இதை ஒத்தையில சுமந்தீங்களா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டாள். கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம் என்று மகளே சொன்னாள். மகன் வங்கிக்கு என்னோடு வந்து, கடனைத் தவணையாக மாற்றப் பேசினான். பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. ஆனால் அன்று நான் ஐந்து மணி நேரம் தூங்கினேன். நோட்டில் அதையும் எழுதினேன்.

கை முழுக்கத் தேற நான்கு மாதம் ஆனது. மேல் தோல் புதுப்பித்துக்கொள்ளவே சுமார் நான்கு வாரம் ஆகும் என்பதால், இரண்டு நாளில் குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போதும் தீபாவளிச் சரக்கு நேரத்தில் விரல் இடுக்கில் லேசாகத் தலை காட்டும். இந்த நோயின் குணம் அது, தணியும், திரும்பும். வந்தால் என்ன செய்வது என்று தெரியும் என்பதால் பயம் இல்லை. மனதில் சோர்வு அதிகமாகி, வாரக்கணக்கில் எதிலும் நாட்டமில்லாமல் போனால், மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். அதுவும் உடம்புதான்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீரென வலியோடு கொப்புளங்கள் பரவினாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். இரவில் வீட்டில் எல்லோருக்கும் அரித்தால் அது எக்ஸிமா அல்ல, சிரங்காக இருக்கலாம், அது பரவும். வட்டமாக, ஓரம் தடித்துப் படர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். உணர்ச்சியே இல்லாமல் வெளுத்த தேமல் இருந்தால் உடனே காட்ட வேண்டும். தோலில் எதுவும் தெரியாமல் உடம்பு முழுக்க அரித்தால் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, முதுகில் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. செலவுக்குப் பயந்து தள்ளிப் போட வேண்டியதில்லை.

நம் கடைத் தம்பிகள்

கடைசியாக ஒன்று. நம் கடையில் மூட்டை தூக்குகிற, பொட்டலம் கட்டுகிற தம்பிகளின் கையை எப்போதாவது பார்த்திருக்கிறோமா? என் கை சரியான பிறகுதான் நான் பார்த்தேன். மிளகாய்க் கிட்டங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் இரண்டு கையும் என் கையைவிட மோசம். "ஏன்டா தம்பி சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா வேலையை விட்டு நிறுத்திடுவீங்களோன்னு பயம் முதலாளி" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நான் என் கவலையை வீட்டில் மறைத்தேன். அவன் தன் கவலையை என்னிடம் மறைத்தான். அவனைப் பருப்புப் பக்கம் மாற்றினேன். அந்த மாதமே எல்லோருக்கும் நூல் கையுறை வாங்கினேன். கை கழுவும் இடத்தில் நல்ல சோப்பும் ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லியும் வைத்தேன். ஆன செலவு, ஒரு மூட்டைத் துவரம் பருப்பில் வருகிற லாபம்கூட இல்லை.

நண்பர்களே, தராசு சரியாக நிற்க இரண்டு தட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒரு தட்டில் தோலுக்குச் செய்ய வேண்டியது, மறு தட்டில் மனதுக்குச் செய்ய வேண்டியது. இன்று கடை அடைத்ததும் உங்கள் கையை விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். உங்கள் தம்பிகளின் கையையும் பாருங்கள். மறைக்க வேண்டிய நோய் இல்லை இது.

அந்தப் பெட்டிக்கடை அம்மா இப்போதும் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். பணத்தை என் கையிலேயே தருகிறார்.